இரண்டு திரைகளில் வேலை செய்தல்: தட்டச்சு, மொழிபெயர்ப்பு, மெய்ப்புப் பார்ப்போருக்கான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தின் அச்சகங்களிலும், மொழிபெயர்ப்பு எடுத்துச் செய்யும் வீடுகளிலும் நடக்கும் கணினி வேலையில் பெரும்பகுதி ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுதுவதுதான். சிங்களச் சுற்றறிக்கையைப் பார்த்துத் தமிழாக்கம் செய்கிறோம். ஸ்கேன் செய்த பழைய பக்கத்தைப் பார்த்துத் தட்டச்சிடுகிறோம். இவற்றை ஒரே திரையில் மாற்றி மாற்றித் திறக்கும்போது, திரும்பிவரும் ஒவ்வொரு முறையும் விட்ட வரியைக் கண் தேட வேண்டியிருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு வாக்கியங்கள் ஒரே சொல்லில் முடிந்தால், கண் முதலாவதன் முடிவுக்குப் பதிலாக இரண்டாவதன் முடிவில் போய் நிற்கும். இரண்டாவது வாக்கியம் முழுவதும் விடுபட்டுவிடும். பக்கம் அச்சாகி வந்த பின்னரே அது தெரியவரும். இந்தப் பிழையை வெகுவாகக் குறைப்பதே இரண்டாவது மொனிட்டரின் முதற்பயன் என்பது என் உறுதியான எண்ணம். நேரம் மிச்சமாவது அதற்கு அடுத்ததுதான். மாறாக, மூலம் எதையும் பார்க்காமல் சொந்தமாகக் கட்டுரை எழுதுபவருக்கு ஒரு திரையே போதும். அவர் இதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

வாங்குவதற்கு முன் கணினியின் பின்புறத்தையோ மடிக்கணினியின் பக்கவாட்டையோ பார்த்து, எந்தெந்தத் துளைகள் இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில், படத்தை வெளித்திரைக்கு அனுப்பும் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கும். பாவித்த மொனிட்டர்களில் மலிவானவை சிலவற்றில் பதினைந்து ஊசிகள் கொண்ட பழைய வகையான வி.ஜி.ஏ. மட்டுமே இருக்கும். அவற்றை இணைக்க அடப்டர் தேவை, ஆனால் எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்கு மாற்றும் அடப்டரைத் திருப்பிப் போட்டுப் பாவிக்க முடியாது என்பதைக் கடையில் நினைவில் வைத்திருங்கள். யூ.எஸ்.பி.-சி துளை இருந்தாலும், அதன் வழியே படம் வருமா என்பது கணினிக்குக் கணினி வேறுபடும். கையோடு மடிக்கணினியைக் கொண்டுபோய்க் கடையிலேயே பொருத்திப் பார்ப்பது நல்லது. மேசைக்கணினியில் தனியான கிராபிக்ஸ் கார்ட் இருந்தால் இரண்டு வயர்களையும் அந்தக் கார்டிலேயே செருகுங்கள். ஒன்றை மதர்போர்டில் செருகிவிட்டுத் திரை வரவில்லை என்று மொனிட்டரைக் குறைசொல்பவர்கள் பலர்.

இணைத்தவுடன் இரு திரைகளிலும் ஒரே காட்சி தெரிந்தால் பழுதென்று நினைக்க வேண்டாம். விண்டோஸ் விசையை அழுத்தியபடி 'பி' விசையைத் தட்டினால் நான்கு தெரிவுகள் வரும். அவற்றுள், இரு திரைகளையும் ஒரே நீண்ட திரைபோலாக்கும் 'எக்ஸ்டென்ட்' என்பதே நமக்கு வேண்டியது. பிறகு செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே என்ற பகுதிக்குப் போனால் 1, 2 என்று எண்ணிட்ட இரு பெட்டிகள் தெரியும். மேசையில் மொனிட்டர்கள் எந்த ஒழுங்கில் இருக்கின்றனவோ அதே ஒழுங்கில் அந்தப் பெட்டிகளை இழுத்து வையுங்கள். மேல்விளிம்புகளின் உயர வேறுபாட்டையும் அதேபோல் அமையுங்கள். இதைச் செய்யாவிட்டால் சுட்டி இடப்பக்கம் போக வேண்டிய இடத்தில் வலப்பக்கம் போகும், அல்லது திரையோரத்தில் முட்டி நிற்கும். மடிக்கணினித் திரையில் எழுத்து ஓர் அளவிலும் வெளித்திரையில் வேறோர் அளவிலும் தெரிந்தால், இதே பகுதியிலுள்ள 'ஸ்கேல்' என்பதை ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியாக மாற்றலாம்.

எந்தத் திரையில் எதை வைப்பது என்பதில்தான் பலர் கவனம் செலுத்துவதில்லை. எழுதும் திரை நேர் முன்னே இருக்க வேண்டும், விசைப்பலகையும் அதற்கு நேராகவே இருக்க வேண்டும். மூலத்தைக் காட்டும் திரையை அதற்கு ஒட்டினாற்போல், சற்று உட்புறமாகத் திருப்பி வையுங்கள். இரண்டையும் சம பங்காக வைத்து நடுவிலுள்ள இடைவெளியை நோக்கி உட்கார்ந்தால் கழுத்து நாள் முழுவதும் ஒரு பக்கம் திரும்பியே இருக்கும். இரு திரைகளும் ஏறத்தாழ ஒரு கை நீளத் தூரத்தில், மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருப்பது நல்லது. மடிக்கணினி தாழ்வாக இருப்பதால் அதன் கீழே தடித்த புத்தகங்களை அடுக்கி உயர்த்தி, தனி விசைப்பலகையைப் பாவியுங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் வெயில் திரையில் பட்டுத் தெறிக்கும். பக்கவாட்டில் இருக்கும்படி மேசையைத் திருப்புங்கள்.

மெய்ப்புப் பார்ப்பவர்கள் மூலத்திரையை நெட்டாகத் திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும். 24 அங்குல மொனிட்டர் ஏறத்தாழ 53 சென்ரிமீற்றர் அகலமும் 30 சென்ரிமீற்றர் உயரமும் உடையது. கிடையாக இருக்கும்போது ஏ4 தாளின் உயரமே அந்த உயரம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். திரையின் மேலேயுள்ள மெனுப் பட்டைக்கும் கீழேயுள்ள பணிப்பட்டைக்கும் இடம்விட்டால் பக்கம் சுருங்கிப்போகும். நெட்டாக வைத்தால் அதே பக்கம் முழுவதையும் உண்மையான அளவைவிடக் கால் பங்குக்கு மேல் பெரிதாக்கிப் பார்க்கலாம். பழைய அச்சில் வரும், ஐகாரக் குறி யானைத் துதிக்கைபோல் எழுத்தோடு ஒட்டிய 'லை', 'னை' வடிவங்களையும், மை மங்கிய புள்ளிகளையும் பிரித்தறிய அந்தப் பெருக்கம் பெரிதும் உதவுகிறது. இதற்குச் சுழலும் தாங்கி தேவை. திருப்பிய பின் 'டிஸ்பிளே ஓரியென்டேஷன்' என்பதில் 'போர்ட்ரெயிட்' எனத் தெரிவுசெய்யுங்கள்.

ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய கோப்புகளை, இன்றைய பொதுக் குறிமுறையான யுனிகோடுக்கு மாற்றும் வேலை நம்மிடையே இன்னும் ஏராளமாக இருக்கிறது. மாற்றும் மென்பொருளின் வழியே போன கோப்பில், இடையே வந்த ஆங்கிலப் பெயர்களும் சொற்களும் பொருளற்ற தமிழ் எழுத்துக் குவியலாக மாறிவிடுவது வழக்கம். அங்கே இருந்த சொல் எதுவென்று ஊகிக்க முடியாது. மூலத்தைப் பார்த்தே திருத்த வேண்டும். மூலக்கோப்பை ஒரு திரையிலும் மாற்றிய கோப்பை மறு திரையிலும் ஒரே பந்தியில் நிறுத்திக்கொண்டு, பந்தி பந்தியாக இறங்குங்கள். சாளரத்தை ஒரு திரையிலிருந்து மற்றதற்கு அனுப்ப விண்டோஸ், ஷிப்ட் விசைகளுடன் இட அல்லது வல அம்புக்குறி விசையை அழுத்தினால் போதும்.

வட்ஸ்அப்பையோ முகநூலையோ இரண்டாவது திரையில் திறந்து வைக்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். ஓரக்கண்ணில் ஏதாவது அசைந்துகொண்டிருந்தால், மூலத்தில் விட்ட வரி மறுபடியும் தொலையும்.

மின்சாரத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். மின்தடையின்போது சிறிது நேரம் மின்சாரம் தரும் யூ.பி.எஸ். சிறியதாக இருந்தால் கணினியையும் எழுதும் திரையையும் மட்டும் அதில் இணையுங்கள். மூலத்திரை அணைந்தாலும் எழுதியதைச் சேமித்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி முழங்கத் தொடங்கினால் ஆளியை அணைப்பதோடு நிற்காமல், இரு மொனிட்டர்களின் பிளக்குகளையும் இணைய வயரையும் கழற்றிவிடுங்கள்.

மடிக்கணினியைத் தனியே எடுத்துச்சென்று திறக்கும்போது, ஏதாவதொரு சாளரம் வெளித்திரை இருந்த பக்கத்திலேயே தங்கிக் கண்ணில் படாமல் போகலாம். ஆல்ட், டாப் விசைகளால் அந்தச் சாளரத்தைத் தெரிவுசெய்துவிட்டு, மேலே சொன்ன விண்டோஸ், ஷிப்ட், அம்புக்குறிச் சேர்க்கையை அழுத்திப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால், விண்டோஸ் விசையுடன் மேல் அம்புக்குறியை அழுத்தினால் சாளரம் திரை முழுவதுமாக விரிந்து முன்னே வரும்.