உடைத்த சாக்பீஸும் டிபன் பாக்ஸ் மூடியும்

விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் "அ" எழுதியதோடு சரி. அதன் பிறகு மகள் பென்சிலைத் தொடவே மாட்டேன் என்றாள். மூன்றரை வயது, ஜூனில் எல்.கே.ஜி. வற்புறுத்தினால் முழுக் கையால் இறுக்கிப் பிடித்துத் தாளையே கிழித்துவிடுவாள்.

"விரல்ல வலுவே இல்லாத பிள்ளைகிட்ட ஏண்டி பென்சிலக் கொடுக்கற?" என்றார் அம்மா. நோட்டை எடுத்து வைத்துவிட்டேன். சப்பாத்தி மாவு உருட்டுவது, பட்டாணி உரிப்பது, துணி கிளிப் மாட்டுவது என்று விட்டேன். பிறகு சாக்பீஸை ஓர் அங்குலத் துண்டுகளாக உடைத்துக் கொடுத்தேன். அவ்வளவு சின்னத் துண்டை உள்ளங்கையில் பிடித்து எழுத வராது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். வாசலெல்லாம் கோடு, வட்டம், பாட்டி வைத்த கோலப் புள்ளிகள். 2 மாதத்தில் பென்சில் பிடி வந்துவிட்டது.

எழுத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது டிபன் பாக்ஸ். மூடி திறக்க வராமல் பசியோடு வீடு திரும்பும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தினமும் 11 மணிக்கு வீட்டிலேயே அவள் பாக்ஸில் இட்லி வைத்து, கைகொடுக்காமல் எதிரில் உட்கார்ந்தேன். ஆறாம் நாள் 'டக்'கென்று திறந்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"மிஸ், பாத்ரூம் போகணும்" என்று சத்தமாகச் சொல்லத்தான் இன்னும் கூச்சம். தினமும் நான் மிஸ்ஸாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.