பிளஸ் டூவுக்கு அப்புறம் லிபரல் ஸ்டடீஸ் படிக்கணுமா? எங்கிருந்து ஆரம்பிக்கணும்னு படிப்படியா சொல்றேன்

ரிசல்ட் வந்த அன்னைக்கே வீட்ல கேக்குறது "இன்ஜினியரிங்கா, பி.காமா?"ன்னு தான். ரெண்டுலயும் மனசு போகாம, எகனாமிக்ஸும் பிடிக்குது, ஹிஸ்டரியும் பிடிக்குது, கொஞ்சம் கோடிங்கும் கத்துக்கணும்னு தவிக்கிற சென்னைப் பிள்ளைங்களுக்காக இதை எழுதுறேன். பல துறை பாடங்களை சேர்த்து ஒரே டிகிரியா படிக்க முடியும், அதைத்தான் லிபரல் ஸ்டடீஸ்னு சொல்றாங்க. ஆனா எதுக்காக சேர்க்கிறோம்னு தெரியாம சேர்ந்தா பேப்பர் பேர் மட்டும் தான் மிஞ்சும், கை எதுலயும் தேறாது.

படி 1: முதல்ல ஒரு கேள்வியைப் பிடிங்க

காலேஜ் தேடுறதுக்கு முன்னாடியே இதை செய்யணும், நான் ரொம்ப நம்புற படி இது தான். ஒரு வெள்ளைத் தாள் எடுத்து நடுவுல உங்களை உறுத்துற ஒரு விஷயத்தை எழுதுங்க. வேளச்சேரில இருக்கீங்கன்னு வைங்க, பெருமழைன்னு அறிவிப்பு வந்தாலே ஜனங்க காரை கொண்டு போய் மேம்பாலத்து மேல நிறுத்துறாங்க இல்லையா, அது ஏன்? அந்தத் தண்ணி போய்ச் சேர வேண்டிய இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்க்குப் போய் கோவளம் பக்கம் கடல்ல கலக்கணும். 2022ல அந்த சதுப்பு நிலத்தை ராம்சார் தளமா, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமா அறிவிச்சாங்க, ஆனா அதை ஒட்டியே பெருங்குடி குப்பைக் கிடங்கும் இருக்கு, சுத்தி ஐடி கட்டடங்களும் இருக்கு.

இப்ப தாளை சுத்தி எழுதிப் பாருங்க. நாணல், பறவை, நிலத்தடி நீர்னா சூழலியல். பட்டா யார் பேர்ல, எப்படி குடுத்தாங்கன்னா சட்டம். சதுர அடி விலை ஏன் ஏறிச்சுன்னா எகனாமிக்ஸ். ஒரு ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு வழிஞ்ச பழைய ஏற்பாடு என்னாச்சுன்னா ஹிஸ்டரி. சாட்டிலைட் படத்தை வெச்சு பழைய பரப்பையும் இப்ப இருக்கிறதையும் ஒப்பிடணும்னா ஜிஐஎஸ், அதாவது கம்ப்யூட்டர்ல மேப் வெச்சு அலசுற துறை. அஞ்சு துறை தன்னால வந்து நிக்குது பாருங்க, யாரும் சொல்லாமலே. உங்க கேள்வி சினிமாவா இருக்கலாம், மனநலமா இருக்கலாம், மீனவர் குப்பங்களா இருக்கலாம், வேலை இதே தான்.

படி 2: எங்க படிக்கலாம்

நேரடியா இந்த மாதிரி படிப்பு வேணும்னா நமக்குக் கிட்ட இருக்கிறது கிரியா யுனிவர்சிட்டி, ஆந்திரா பார்டர் தாண்டினதும் வர்ற ஸ்ரீசிட்டில இருக்கு. ஊரை விட்டுப் போகலாம்னா சோனிபட்ல அசோகா, புனேல ஃப்ளேம். மூணும் தனியார், ஃபீஸ் கனமா இருக்கும், அதனால ஸ்காலர்ஷிப் விவரத்தை அப்ளை பண்றதுக்கு முன்னாடியே கேட்டு வாங்குங்க, சேர்ந்த பிறகு பாத்துக்கலாம்னு விடாதீங்க. ஐஐடி மெட்ராஸ்ல பிளஸ் டூ முடிச்சதும் சேர்ற அஞ்சு வருஷ எம்.ஏ. இருந்துச்சு, அது இப்ப இல்ல, பழைய பக்கத்தைப் பாத்து ஏமாறாதீங்க.

காசு இல்லைன்னா இந்தப் படிப்பே இல்லைன்னு நினைக்காதீங்க. நம்ம ஆர்ட்ஸ் காலேஜ்ல பி.ஏ. எகனாமிக்ஸ் மாதிரி ஒரு கோர் (முக்கிய பாடம்) எடுத்துட்டு, அலைடு பேப்பரையும் (துணைப் பாடம்) எலெக்டிவையும் (விருப்பப் பாடம்) உங்க கேள்விக்கு ஏத்த மாதிரி தேர்ந்தெடுங்க. அரசு காலேஜ்னா அப்ளிகேஷன் தமிழ்நாடு அரசோட ஆன்லைன் போர்ட்டல் வழியா தான். மிச்சத்தை மத்திய அரசோட ஆன்லைன் படிப்புத் தளமான ஸ்வயம்ல இலவசமா படிக்கலாம், எக்ஸாம் எழுதி சர்டிஃபிகேட் வாங்க மட்டும் கட்டணம். அந்தப் படிப்புக்குக் கிடைக்கிற கிரெடிட்டை (டிகிரிக்கு சேருற பாட அளவு) உங்க காலேஜ் ஏத்துக்குமான்னு முன்கூட்டியே ஆபீஸ்ல கேட்டுருங்க. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் எழும்பூர் கன்னிமாராவும் இருக்கிற ஊர்ல புத்தகத்துக்கு என்ன குறை.

படி 3: கிரெடிட் கணக்கு

யுனிவர்சிட்டிகளுக்கு விதி போடுற யுஜிசி 2022 டிசம்பர்ல போட்ட கட்டமைப்புல மூணு வருஷ டிகிரிக்கு குறைஞ்சது 120 கிரெடிட், நாலு வருஷ ஹானர்ஸுக்கு 160. ஒரு கிரெடிட்னா ஒரு செமஸ்டர்ல 15 மணி நேர வகுப்பு. 120ல மேஜருக்கு (முதன்மைப் பாடம்) குறைஞ்சது 60, மைனருக்கு (இரண்டாவது பாடம்) 24. நம்ம மாநில காலேஜ்கள்ல பார்ட் 1 தமிழ், பார்ட் 2 இங்கிலீஷ், பார்ட் 3 கோரும் அலைடும்னு வேற அமைப்பு, கணக்கும் வேற. எதுவா இருந்தாலும் ஒரு துறையில ஆழம் இருக்கணும், பாதி கிரெடிட் ஒரே இடத்துல விழட்டும். சூழலியல் அஞ்சு பேப்பர், மத்ததுல ஒவ்வொரு அறிமுக பேப்பர்னு போனா அது தாங்கும், எல்லாத்துலயும் அறிமுகமே படிச்சா தாங்காது.

படி 4: அடுத்த கதவு திறக்குமான்னு பாருங்க

அம்மா அப்பா பயப்படுறது இங்க தான், அந்தப் பயம் நியாயமானது. யுபிஎஸ்சி சிவில் சர்வீஸுக்கு அங்கீகாரம் உள்ள யுனிவர்சிட்டியோட எந்த டிகிரியும் போதும். ஆனா குறிப்பிட்ட பாடத்துல டிகிரி கேக்குற டிஎன்பிஎஸ்சி வேலைகளுக்கு உங்க டிகிரி அதுக்கு இணைன்னு அரசாணை இருக்கணும், டிகிரி பேர் புதுசா இருந்தா இங்க மாட்டிக்கும். டீச்சராகணும்னா பி.எட்.க்கு ஸ்கூல்ல நடத்துற பாடம் மேஜரா இருக்கணும். எம்.ஏ. எகனாமிக்ஸ்னா நிறைய இடத்துல மேத்ஸ் எதிர்பாக்குறாங்க, அதனால இப்பவே மேத்ஸ் பேப்பர் ஒண்ணு ரெண்டு எடுத்து வைங்க.

படி 5: அப்ளிகேஷன்ல எழுதுற கட்டுரை

"சின்ன வயசுல இருந்தே எனக்கு ஆர்வம்"னு ஆரம்பிக்காதீங்க, எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க. படி 1ல எழுதின தாளை எடுங்க, அந்தக் கேள்விக்காக நீங்க என்ன செஞ்சீங்கன்னு எழுதுங்க. உங்க தெருவுல மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு வரைஞ்ச மேப்போ, பக்கத்து வீட்டு பாட்டிகிட்ட ஏரி பத்தி எடுத்த பேட்டியோ போதும். இன்டர்வியூல அதைத்தான் தோண்டிக் கேப்பாங்க, நிஜமா செஞ்சிருந்தா பதில் தானா வரும்.

படி 6: சேர்ந்த பிறகு ஒரு ஃபைல்

ஒவ்வொரு செமஸ்டரும் முடிஞ்சதும் அந்த பேப்பர்களோட சிலபஸை பிரிண்ட் எடுத்து காலேஜ் சீல் வாங்கி ஃபைல்ல போடுங்க. பின்னாடி எம்.ஏ.க்கோ வெளிநாட்டுக்கோ அப்ளை பண்ணும்போது "இந்த பேப்பர்ல என்ன படிச்சீங்க?"ன்னு கேப்பாங்க, பேர் புதுசா இருக்கிற பேப்பருக்கு கண்டிப்பா கேப்பாங்க. சிலபஸ் மாறின பிறகு பழசைத் தேடி ஆபீஸுக்கு அலையுறது பெரிய பாடு.