ஒரே தாளில் ஆய்வுத் திட்டம்: முதல் கட்டத்திலேயே நான் சறுக்கிய கதை

காசிமேட்டு மீன் ஏல விலையைக் கைப்பேசியில் காட்டும் செயலி, இதுதான் என் ஆய்வு. இருபது ஸ்லைடு போட்டும் வழிகாட்டிக்குப் பிடிபடவில்லை. "ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டு வா" என்றார். கைகொடுத்தது டி.எஸ்.ஆர். கிரிட். ஒன்றை உருவாக்கிப் பார்த்து அதிலிருந்து அறிவு தேடும் ஆய்வை (டிசைன் சயின்ஸ் ரிசர்ச்) ஒரே தாளில் அடக்கும் படிவம் அது. ஃபொம் ப்ரோக்கே, மேட்ஷே என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2019இல் வெளியிட்டது. பிரச்சினை, உள்ளீட்டு அறிவு, ஆய்வு முறை, கருத்துகள், தீர்வு, வெளியீட்டு அறிவு என ஆறே கட்டம்.

1. சார்ட் பேப்பரில் கட்டம் போடுங்கள். எழுதுவது ஸ்டிக்கி நோட்டில், பென்சிலால். மிரோ என்ற இணைய வெள்ளைப்பலகையை இப்போதே திறக்காதீர்கள். நிறம் தேர்ந்தெடுப்பதிலேயே மாலை போய்விடும். கடைசிப் பிரதிக்கு டிரா.ஐ.ஓ. என்ற வரைபடக் கருவி போதும், இலவசம்.

2. பிரச்சினைக் கட்டம். நான் எழுதியது: "விலை காட்டும் செயலி இல்லை." கூடை வியாபாரம் செய்யும் எங்கள் ராயபுரத்து அக்காவிடம் படித்துக் காட்டினேன். "செயலி இல்லன்னு நான் எப்பப்பா அழுதேன்? நடுராத்திரி ஆட்டோ புடிச்சுப் போனா, விலை ஏறிக் கிடக்கும். வெறுங்கூடையோட திரும்புறேன், அந்த ஆட்டோ காசுதான் வலிக்குது" என்றார்.

நான் எழுதியிருந்தது தீர்வைத்தான், தலைகீழாக. இப்படிச் சோதியுங்கள்: அந்தக் கட்டத்தில் 'செயலி' என்ற சொல்லை அடித்துவிட்டால் வாக்கியம் நிற்கிறதா? என்னுடையதில் எதுவுமே மிஞ்சவில்லை. மாற்றி எழுதியது: "சில்லறை வியாபாரிகள் விலை தெரியாமலே செலவு செய்து ஏலத்துக்கு வருகிறார்கள், கட்டுப்படியாகாமல் திரும்புகிறார்கள்." இதற்கு நான்கு நாள் ஆனது.

3. தீர்வுக்கு ஒரு வரி. கருத்துகளில், கட்டுரை முழுக்க ஒரே பொருளில் ஆளப்போகும் சொற்கள். உள்ளீட்டு அறிவு, முன்பே தெரிந்தது. வெளியீட்டு அறிவு என்றால் செயலி அல்ல. நாகப்பட்டினத்தில் ஒருவர் இதே வேலையைத் தொடங்கினால் அவருக்குப் பயன்படும் வடிவமைப்பு நெறிகள்.

4. ஆய்வு முறைக்கு, இதே வகை ஆய்வுக்கு வழிமுறை வகுத்த பெஃபர்ஸ் குழுவின் 2007ஆம் ஆண்டு ஆறு படிகளை எடுத்துக்கொண்டேன். பிரச்சினையில் தொடங்கி, இலக்கு, உருவாக்கம், செய்துகாட்டல், மதிப்பீடு, எடுத்துரைத்தல். ஒவ்வொன்றுக்கும் மாதம் குறியுங்கள். மதிப்பீட்டுக்கு நான் முதலில் குறித்தது மே.

பின்சேர்க்கை: கருத்துப் பெட்டியில் ஒருவர் கேட்டார்: "மதிப்பீட்டை மே மாதம் வைத்திருக்கிறீர்களே, படகு எங்கே போகும்?" ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது மறந்துபோனது! ஜூலைக்குத் தள்ளிவிட்டேன். அக்காவிடமும் சொல்லியாயிற்று.