ஜெட் ஸ்கி இழுக்க டிரெய்லரைத் தயார் செய்வது: வாசலிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

நண்பர் ஒருவர் பழைய ஜெட் ஸ்கி ஒன்றை, அதாவது பைக் மாதிரி உட்கார்ந்து தண்ணீரில் ஓட்டும் வண்டியை, வாங்கினார். சின்ன ஃபைபர் படகுக்காகச் செய்த டிரெய்லர் ஒன்றை இரவல் கேட்டு வாங்கி, அதில் ஸ்கியைத் தூக்கி வைத்து, நாலு கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) கிளம்பிவிட்டார். பக்கத்து சீட்டில் நான். நீலாங்கரை தாண்டி வேகம் 60-ஐத் தொட்டதுதான் தாமதம், டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்து, காரையே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தது. நல்லவேளை, அவர் பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மட்டும் விட்டார், ஆட்டம் அடங்கியதும் ஓரம் கட்டினோம். இறங்கிப் பார்த்தால் எதுவும் உடையவில்லை, எந்த முடிச்சும் அவிழவில்லை. ஸ்கி ஓரடி பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஓரடியைச் சரிசெய்யும் வேலைதான் இந்தப் பதிவில் பெரும்பகுதி. எல்லாமே வண்டி நிற்கும்போது, வாசலிலேயே செய்யக்கூடியவை. இன்னொருவர் துணைக்கு இருந்தால் அரை நாளில் முடிந்துவிடும்.

முதலில் எடைக் கணக்கு

இரண்டு பேர் உட்காரும் சின்ன ஸ்கி 200 கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும். மூன்று பேருக்கான பெரியவை 350 முதல் 400 கிலோ வரை போகும். இது காலி டேங்கோடு சொல்லும் எடை. 70 லிட்டர் பெட்ரோல் நிரப்பினால் இன்னும் 50 கிலோவுக்கு மேல் ஏறும். டிரெய்லரே 150 கிலோ என்று வைத்தால், கயிறு, நங்கூரம், லைஃப் ஜாக்கெட் எல்லாம் சேர்த்து 600 கிலோ என்று கணக்குப் போடுங்கள். இந்த வகை டிரெய்லர்களில் பெரும்பாலும் தனி பிரேக் கிடையாது, அதனால் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு உங்கள் கார் எவ்வளவு இழுக்கும் என்று கையேட்டில் போட்டிருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு எண் போட்டிருந்தால் அதில் சிறியது.

காரின் பின்பக்கம் அழகுக்காக மாட்டியிருக்கும் பம்பர் கார்டு கொக்கியில் எதையும் இழுக்காதீர்கள். டிரெய்லரை மாட்டி இழுக்கும் டோ பார் காரின் சேஸிஸில் போல்ட் போட்டு நிற்க வேண்டும். அப்புறம் ஒரு விஷயம்: இன்ஜினே இல்லாத டிரெய்லரும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கணக்கில் மோட்டார் வாகனம்தான். பட்டறையில் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னாலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு பற்றிக் கேட்டுவிடுங்கள். செய்து முடித்த பிறகு அலைவது பெரிய தலைவலி.

டோ பாலும் கப்ளரும்

டோ பாரில் இருக்கும் உருண்டைதான் டோ பால், அதன்மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும் டிரெய்லரின் முன்முனைதான் கப்ளர். டோ பாலின் தலையிலும் கப்ளரின் மேலும் அளவு பொறித்திருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 50 மி.மீ. பால் உண்டு, வெளிநாட்டிலிருந்து வந்த டிரெய்லர்களில் 1⅞ அங்குலம், 2 அங்குலம் என்றும் வரும். 1⅞ என்றால் 47.6 மி.மீ. தான். 2 அங்குலக் கப்ளர் அதன்மேல் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும், நல்ல வேகத்தடை ஒன்றில் எகிறிவிடும். மாட்டிப் பூட்டியதும் டிரெய்லரின் முன் ஜாக்கை ஏற்றிப் பாருங்கள். காரின் பின்பக்கம் சேர்ந்து தூக்கினால் பூட்டு சரியாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கப்ளருக்கு அடியில் குறுக்காக, எக்ஸ் மாதிரி மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். திரும்பும்போது இழுபடாத அளவுக்கு நீளம் வேண்டும், ரோட்டில் உரசவும் கூடாது. இவ்வளவும் முடிந்ததும் கொஞ்ச தூரம் தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். டிரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும், மூக்கு மேலே தூக்கி நிற்கவே கூடாது.

தாங்கு பலகை

எங்களுக்கு டிரெய்லரைத் திருத்திக் கொடுத்த வெல்டர் முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு ஸ்கியின் அடியில் போய்ப் படுத்துவிட்டார். “தம்பி, டிரெய்லர என்னத்த அளக்கறது? உக்காரப்போறது இதுதானே, இத அளங்க” என்றார். சரியான பேச்சு.

ஸ்கியின் அடிவயிற்றில் நடுவே, பின்பக்கமாக, தண்ணீரை உறிஞ்சும் வாய் ஒன்றும் அதன்மேல் கம்பிச் சட்டமும் இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு தட்டு. இந்த இரண்டின் மீதும் எடை விழவே கூடாது. ஸ்கி உட்காரும் டிரெய்லர் பலகைகள் இவற்றுக்கு இரண்டு பக்கமும், உடல் தட்டையாக இருக்கும் இடத்தில், நீளவாக்கில் தாங்க வேண்டும். பலகையின் பின்முனை ஸ்கியின் பின்பக்கம் வரைக்கும் வரட்டும். இன்ஜினும் பம்பும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன, அங்கே தாங்கல் இல்லாவிட்டால் நாளடைவில் ஃபைபர் வளையும். பலகைமேல் கார்பெட் சுற்றி, ஸ்க்ரூவின் தலை மரத்துக்குள் அமுங்கும்படி முடுக்குங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போடுங்கள், கடற்கரை ஊரில் சாதா இரும்பு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

மூக்கு எங்கே நிற்க வேண்டும்

டிரெய்லரின் முன்னால், ஸ்கியை இழுத்து ஏற்றும் வின்ச் பொருத்திய தூணில் ஒரு ரப்பர் உருளை இருக்கும். ஸ்கியின் மூக்கு, மீனவர்கள் அணியம் என்பார்களே அது, வந்து இந்த உருளையில் முட்டி நிற்கும். கொக்கி மாட்டும் வளையம் உருளைக்குச் சற்றுக் கீழே இருந்து, வின்ச் பெல்ட் வளையாமல் நேராக இழுக்க வேண்டும். இந்தத் தூணை முன்னும் பின்னும் நகர்த்தலாம் என்பது பல பேருக்குத் தெரியாது. டிரெய்லரின் சமநிலை முழுக்க அந்தத் தூணின் கையில்தான் இருக்கிறது.

இனி முக்கியமான வேலை. வீட்டில் உடல் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் எடுத்து வாருங்கள். சமதரையில் டிரெய்லரை நிறுத்தி, ஸ்கியை ஏற்றி, டேங்க் வழக்கமாகப் போகும் அளவுக்கு இருக்கட்டும். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கப்ளர் காரில் எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை மெஷின்மேல் நிறுத்தி, அதன்மேல் கப்ளரை இறக்குங்கள், முன் ஜாக் சக்கரம் தரையைத் தொடாமல் இருக்க வேண்டும். மொத்த எடையில் ஏறத்தாழ 10 சதவீதம் காட்ட வேண்டும், அதாவது நம் 600 கிலோவுக்கு 60 கிலோ. காரின் டோ பார் தாங்கும் வரம்பு அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த வரம்புக்குள் நிற்க வேண்டும்.

நண்பருடைய டிரெய்லரில் முள் 22 கிலோவில் நின்றது. வாலாட்டாமல் என்ன செய்யும்?

குறைவாக இருந்தால் தூணை முன்னால் நகர்த்துங்கள், அதிகமாக இருந்தால் பின்னால். எவ்வளவு நகர்த்துவது என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. ஸ்கி 400 கிலோ, கப்ளரிலிருந்து சக்கர அச்சு வரை 3 மீட்டர் என்றால், 10 செ.மீ. நகர்த்தும்போது கப்ளரில் விழும் எடை 13 கிலோ மாறும். எங்களுக்கு ஏறத்தாழ 30 செ.மீ. தேவைப்பட்டது. தூணை அவ்வளவு தூரம் நகர்த்தினால் ஸ்கியின் பின்பக்கம் பலகையின் பின்முனையை விட்டு ரொம்ப முன்னால் போய்விடுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போனால் தூணை விட்டுவிட்டு சக்கர அச்சைப் பிடித்திருக்கும் யு-போல்ட்டைத் தளர்த்தி அச்சையே பின்னால் தள்ள வேண்டும், அது பட்டறை வேலை.

கட்டுவது

வின்ச் பெல்ட் ஏற்றுவதற்குத்தான், பயணத்துக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். மூக்கு வளையத்திலிருந்து தூணுக்குத் தனியாக ஒரு சங்கிலி போடுங்கள். பின்னால் இருக்கும் இரண்டு வளையங்களிலிருந்தும் டிரெய்லர் சட்டத்துக்கு தலா ஒரு ராட்செட் பெல்ட் (நெம்பி நெம்பி இறுக்கும் பெல்ட்). சீட்டுக்கு மேலே குறுக்காகக் கட்டும் பழக்கம் வேண்டாம். பெல்ட்டில் ஒரே ஒரு முறுக்கு விட்டுக் கட்டினால் காற்றில் படபடக்காது. ஸ்கியின் சீட் பூட்டு விழுந்திருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள்.

டயர் சின்னதாக இருக்கிறதே என்று காற்றைக் குறைத்து அடிக்காதீர்கள். சின்ன டிரெய்லர் டயருக்குப் பெரும்பாலும் கார் டயரைவிட அதிகக் காற்று தேவை, அளவு பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். அங்கேயே நாலு இலக்க எண் ஒன்றும் இருக்கும்: 2321 என்றால் 2021-இன் 23-வது வாரத்தில் செய்தது. ஓடாமல் நின்றே கிழடாகிப்போகும் டயர்கள் இவை. ஸ்டெப்னியும், டிரெய்லர் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனரும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

லைட்டுக்கு ஒரு ஆளைப் பின்னால் நிற்க வைத்து இடது, வலது, பிரேக் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்று போட்டால் இன்னொன்று மங்கலாக மின்னினால் எர்த் வயரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கிளம்பிய பிறகு

திருவான்மியூரில் ஈ.சி.ஆர். ஏறினால் அக்கரையில் ஒரு முறை நிறுத்திச் சக்கர ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தை, தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் போகிறது, மேலே போக வேண்டாம். பெல்ட்டுகளையும் நட்டுகளையும் அப்போதே ஒரு முறுக்கு பார்த்துவிடுங்கள்.

எங்கே இறக்குவதாக இருந்தாலும் முன்னாலேயே அனுமதி கேளுங்கள். முட்டுக்காடு படகு இல்லம் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தினுடையது, நம் இஷ்டத்துக்கு டிரெய்லரை விட முடியாது. போய்ச் சேர்ந்ததும் நேராகத் தண்ணீரில் இறக்காமல், பின்பக்க பெல்ட்டை அவிழ்த்து, லைட் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். சோம்பேறித்தனத்துக்காகச் சொல்லவில்லை. சூடான ஹப் குளிர்ந்த நீரில் மூழ்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, ஆயில் சீல் வழியாக உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

வீடு திரும்பியதும் அச்சு, ஸ்பிரிங், ஹப் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். நம் ஊரில் கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரே பல வீடுகளில் உப்பாக இருக்கும், அதில் கழுவுவதும் ஒன்றுதான், கழுவாமல் விடுவதும் ஒன்றுதான். மெட்ரோ தண்ணீர் இரண்டு பக்கெட் ஒதுக்கி வையுங்கள்.

சில பயணங்களுக்கு ஒரு முறை ஹப்பின் மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்து, கிரீஸில் விரலை விட்டுப் பாருங்கள். போட்ட நிறத்திலேயே வழவழவென்று இருந்தால் மூடிவிடலாம். பால் கலந்த டீ நிறத்தில் நீர்த்துப்போய் இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. மேலே புது கிரீஸை அப்பி மூடுவதில் பயன் இல்லை. பேரிங்கை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி, காய வைத்து, தண்ணீர் தாங்கும் மரைன் கிரீஸை விரலால் உருளைகளுக்கு நடுவே அழுத்தி நிரப்பி, புது ஆயில் சீல், நட்டு கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின்னும் புதிதாகப் போட்டு மாட்டுங்கள். பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள்.