சொந்தமாகப் புத்தகம் போடுகிறீர்களா? அச்சகத்துக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

முதல் புத்தகத்தைச் சொந்தச் செலவில் போடுகிறவர்கள் அச்சகத்தில் ஏமாறுவதைவிட, கோப்பைச் சரிபார்க்காமல் கொடுத்துவிட்டுத் தவிப்பதுதான் அதிகம்.

1. எழுத்துரு

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியிருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதும் மூன்று பிழைகளைத் தேடுங்கள்: ‘எ’ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ‘௭’, துணைக்கால் இடத்தில் ‘ர’, ‘ஔ’ இடத்தில் ஒ, ள என்று இரண்டு எழுத்துகள். அச்சில் இவை கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும் என்பதால் மெய்ப்புத் திருத்துபவர் கண்ணுக்கும் தப்பிவிடும். ‘ஒள’வை மட்டும் ஒரே தட்டில் மாற்றிவிடாதீர்கள், ‘ஒளி’, ‘ஒளிந்தான்’ எல்லாம் கெட்டுப்போகும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

2. மெய்ப்பு

தாளில் எடுத்து, எழுதியவர் அல்லாத ஒருவர் படிக்கட்டும். ஒற்றுப்பிழைக்கென்றே தனியாக ஒரு சுற்று வேண்டும்.

3. பக்க வடிவமைப்பு

டெம்மி அளவு (ஏறத்தாழ 14 × 21.5 செ.மீ.) நாவல், கட்டுரை இரண்டுக்கும் ஒத்துவரும். எழுத்து 11 புள்ளி, வரி இடைவெளி 15 புள்ளி என்று தொடங்கிப் பாருங்கள். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்ற அமைப்பு தேர்வாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். வேர்டிலிருந்து நேரே பிடிஎஃப் எடுத்தால் கறுப்பு எழுத்து ஆர்ஜிபியில் (திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலவையில்) போகும். அச்சகத்தில் அது நான்கு வண்ணங்களாகப் பிரிந்து, பிளேட் (அச்சுத் தகடு) இம்மி நகர்ந்தாலும் எழுத்தோரம் நிழல் தட்டும். கறுப்பு மை ஒன்று மட்டும், 100 சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள்.

4. ஃபாரம் கணக்கு

ஒரே தாளில் சேர்த்து அடித்து மடிக்கும் பக்கங்களின் தொகுப்புதான் ஃபாரம். ஒரு ஃபாரம் 16 பக்கம். 163 பக்கம் வந்தால் 176 பக்கத்துக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். மூன்று பக்கத்தை இழுத்துப் பிடித்து 160க்குள் அடக்குவதே புத்தி.

5. அட்டை

தாள் முடிவாகாமல் அட்டை வரையாதீர்கள். 160 பக்கம் என்றால் 80 தாள்; ஒரு தாள் 0.1 மி.மீ. என்றால் ஸ்பைன் (புத்தக முதுகு) 8 மி.மீ. தாள் மாறினால் இதுவும் மாறி, தலைப்பு முன்னட்டைக்கு வழிந்துவிடும். அதே தாளில் வெற்று டம்மி (அச்சிடாத மாதிரிப் புத்தகம்) ஒன்று கட்டித்தரச் சொல்லி ஸ்கேலால் அளந்துவிடுங்கள். நான்கு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும்போது போவதற்கான கூடுதல் ஓரம்) விடவும்.

6. ஐஎஸ்பிஎன்

ஐஎஸ்பிஎன் என்பது புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண். இந்தியாவில் இது இலவசம். மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமையிடம் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். எண் கையில் வந்தபிறகே அச்சுக்கு அனுப்புங்கள். மின்னூலுக்குத் தனி எண். ஐஎஸ்பிஎன் வாங்கியதாலேயே பதிப்புரிமை (காப்பிரைட்) பதிவாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இரண்டும் வேறு வேறு.

7. பிரதி, விலை

விற்பனை உறுதியில்லாதபோது 50, 100 பிரதிகளை டிஜிட்டலில் அடியுங்கள். பிளேட் செய்து அடிக்கும் ஆஃப்செட்டில் பிரதி கூடக் கூட ஒன்றின் விலை குறையும். அந்த ஆசையில் 1000 அடித்தால் மிச்சம் கட்டிலுக்கடியில்தான். விலை வைக்கும்போது கடைக் கழிவை முதலில் கழியுங்கள். 200 ரூபாய்ப் புத்தகத்துக்கு 40 சதவீதம் கழிவு போனால் கையில் 120. அச்சுக்கு 80 ஆனால் மீதி 40, கூரியரும் அதற்குள்தான்.

8. நூலகப் பிரதி

1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பையிலும் தில்லியிலும் உள்ள இரண்டு நூலகங்கள் என நான்குக்கும் தலா ஒரு பிரதியை உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். எத்தனை பிரதி அடிப்பது என்று கணக்குப் போடும்போதே இந்த நான்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.