வர்க்கப் பூர்த்தியில் பரவளையம்: முனை எங்கே தவறுகிறது?

𝑦 = 2𝑥² − 12𝑥 + 11 என்ற பரவளையத்தின் முனை (வளைவு திரும்பும் புள்ளி) எது? (3, −7) என்பதுதான் சரியான விடை. (3, 2), (3, −3.5), (−3, −7) என்று வந்தால், விடையைப் பார்த்தே எந்த வரியில் சறுக்கல் என்று சொல்லிவிடலாம்.

முதலில் சரியான வழி, அதாவது வர்க்கப் பூர்த்தி: 2ஐ வெளியே எடுத்தபின், 𝑥க்கு முன்னால் உள்ள எண்ணைப் பாதியாக்கி, வர்க்கமாக்கி, அதையே கூட்டிக் கழிக்கிறோம்.

𝑦 = 2(𝑥² − 6𝑥) + 11
𝑦 = 2(𝑥² − 6𝑥 + 9 − 9) + 11
𝑦 = 2(𝑥 − 3)² − 18 + 11
𝑦 = 2(𝑥 − 3)² − 7

(3, 2) வருவது மூன்றாம் வரியில். அடைப்புக்குறிக்குள் இருந்த −9 அப்படியே வெளியே வந்து, −9 + 11 = 2 ஆகிவிடுகிறது. வாசலில் 2 நிற்கிறதே! அதனால் பெருக்கப்படாமல் எதுவும் வெளியே வர முடியாது. −18 என்ற வரியை மனக்கணக்காக விழுங்காமல் எழுதினாலே இந்தத் தவறு பெரும்பாலும் நின்றுவிடும். 𝑥²இன் கெழு (அதன் முன்னால் உள்ள எண்) குறை எண்ணாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 𝑦 = −𝑥² + 4𝑥 + 1 என்பது −(𝑥² − 4𝑥) + 1 ஆகும்; உள்ளே குறி மாறுகிறது. உள்ளிருக்கும் −4 வெளியே +4 ஆக வருவதால் முடிவு −(𝑥 − 2)² + 5.

(3, −3.5) வேறு ரகம். இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும்போது எல்லாவற்றையும் 2ஆல் வகுத்த பழக்கம் இங்கே கூடவே வருகிறது. அங்கே வலப்பக்கம் 0. அதை 2ஆல் வகுத்தாலும் 0தான். இங்கே மறுபக்கம் 𝑦. அதை வகுக்காமல் விட்டு 𝑥² − 6𝑥 + 5.5 என்று எழுதினால், அது வேறொரு வளைவரை. ஆகவே 2ஐ வெளியே எடுங்கள், தூக்கி எறியாதீர்கள்.

(−3, −7) வெறும் குறிப் பிழை. அடைப்புக்குறி எப்போது பூச்சியமாகிறதோ அங்கேதான் முனை; 𝑥 − 3 = 0 என்றால் 𝑥 = 3.

பாதியாக்கி வர்க்கமாக்கும் வரிசையும் சிலருக்குத் தடுமாறும். 𝑥² + 5𝑥 உடன் சேர்க்க வேண்டியது 25/4, 25/2 அல்ல. 9ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி 𝑥² + 10𝑥 = 39 என்பதைப் படமாகவே விளக்கினார். 𝑥 பக்கமுள்ள சதுரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களில் 5 அகலப் பட்டைகளை ஒட்டினால், மூலையில் 5 × 5 அளவுக்கு இடம் காலியாக இருக்கும். அந்த 25ஐ நிரப்புவதுதான் பூர்த்தி. படம் மனதில் நின்றால் வரிசை மாறாது.

சரிபார்க்க 𝑥 = 0 போடுவது பலரின் வழக்கம். (3, 2) தவறை அது பிடித்துவிடும்: 2 × 9 + 2 = 20, ஆனால் வர வேண்டியது 11. குறிப் பிழையை மட்டும் அது பிடிக்காது. 3இன் வர்க்கமும் −3இன் வர்க்கமும் ஒன்றுதானே. 𝑥 = 1 போட்டால் மாட்டிக்கொள்ளும்: மூலச் சமன்பாட்டில் 1 வருகிறது, 2(𝑥 + 3)² − 7இல் 25 வருகிறது.

பக்கவாட்டில் திறக்கும் பரவளையத்தில் முறை சற்று மாறும். 𝑦² − 4𝑦 − 8𝑥 + 28 = 0 என்பதில் 𝑦 உறுப்புகளை மட்டும் இடப்பக்கம் நிறுத்துங்கள்:

𝑦² − 4𝑦 = 8𝑥 − 28
𝑦² − 4𝑦 + 4 = 8𝑥 − 28 + 4
(𝑦 − 2)² = 8(𝑥 − 3)

இங்கே 4ஐ இரு பக்கமும் கூட்டுகிறோம். ஒரு பக்கம் மட்டும் கூட்டினால் வலப்பக்கம் 8𝑥 − 28 ஆகவே நின்று, முனையின் 𝑥 மதிப்பு 3.5 ஆகிவிடும். 8𝑥 − 24 என்று நிறுத்திவிட்டு முனையின் 𝑥 மதிப்பை 24 என எழுதுவதும் உண்டு. 8ஐ வெளியே எடுக்காமல் முனையைப் படிக்கக் கூடாது. 𝑦 முதலில் இருப்பதால் (2, 3) என்று எழுதிவிடவும் வேண்டாம், முனை (3, 2). (𝑦 − 2)² = 4𝑎(𝑥 − 3) என்ற வடிவத்தோடு ஒப்பிட்டால் 4𝑎 = 8 என்பதால் 𝑎 = 2; முனையிலிருந்து குவியத்துக்கும் இயக்குவரைக்கும் உள்ள தூரம் இதுதான். குவியம் (5, 2), இயக்குவரை 𝑥 = 1. செவ்வகலத்தின் (குவியம் வழியே அச்சுக்குச் செங்குத்தாகச் செல்லும் நாணின்) நீளம் 4𝑎, அதாவது 8. 𝑎 மதிப்பான 2ஐ அங்கே எழுதிவிடாதீர்கள்.