காமிக் கான் செலவு: இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய கணக்குப் பிழைகள்

சென்னையில் நடந்த காமிக் கானுக்கு, அதாவது காமிக்ஸ், சினிமா ரசிகர்கள் கூடும் விழாவுக்குப் போக வேண்டும் என்று மண்டபத்தில் இருக்கும் என் அக்கா மகன் வந்து நின்றபோது, அவன் கையிலிருந்த கணக்கில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அவனுடைய அப்பா மீன் எடை குறித்து வைக்கும் துண்டுச் சீட்டின் பின்பக்கத்தில் நுழைவுச் சீட்டின் விலையை எழுதி, நான்கு பேருக்குப் பெருக்கிக் கோடு போட்டிருந்தான். "இவ்வளவுதான் மாமா, மிச்சமெல்லாம் சில்லறைச் செலவு" என்றான். ஊர் திரும்பிய பிறகு அதே சீட்டில் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பார்த்தோம். நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்ததைப் போல ஆறு மடங்கு அந்தச் சில்லறையில் போயிருந்தது.

அவனைக் குறை சொல்லவில்லை. காமிக் கானுக்குக் குறைந்த செலவில் போவது எப்படி என்று இணையத்தில் கிடைக்கும் யோசனைகள் பெரும்பாலும் பெங்களூரிலோ சென்னையிலோ வீடு இருப்பவர்கள் சொல்பவை. அவர்களுக்கு நுழைவுச் சீட்டும் மெட்ரோ கட்டணமும் ஒரு பொம்மையும்தான் செலவு. இராமநாதபுரத்திலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல்; மண்டபம், இராமேஸ்வரத்திலிருந்து இன்னும் அதிகம். நமக்கு விலையைத் தீர்மானிப்பது அந்தத் தூரம். 2011-இல் டெல்லியில் தொடங்கிய காமிக் கான் இந்தியா, சென்னைக்கு வந்தது 2024 பிப்ரவரியில்தான். அதுவரை பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ போக வேண்டியிருந்த நிலையோடு ஒப்பிட்டால் விழா நடக்கும் நந்தம்பாக்கம் வர்த்தக மையம் பக்கத்து ஊர்தான் என்றாலும், பக்கத்து ஊருக்குப் போவதைப் போலக் கிளம்பிவிட முடியாது. (இதைத் தமிழில் ரசிகர் மாநாடு என்று சொல்லிவிடாதீர்கள். என் அம்மா எந்தக் கட்சிக்கு என்று கேட்டார்.)

முதல் பிழை, நுழைவுச் சீட்டை வாங்கிய பிறகு பயணத்தைப் பற்றி யோசிப்பது. இவ்வகை விழாக்களின் சீட்டுகள் படிப்படியாக விலை ஏறும் முறையில் விற்கப்படுவதால், முந்தி வாங்கினால் மிச்சம் என்ற அவசரத்தில் இரண்டு நாளைக்கும் சேர்த்து வாங்கிவிடுகிறோம். அதற்கு மேல் செயலியின் சேவைக் கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் கடைசித் திரையில்தான் கண்ணில் படும். ஆனால் இரண்டாவது நாள் என்பது நமக்கு இன்னொரு சீட்டின் விலை மட்டும் கிடையாது. ஓர் இரவு விடுதி, மூன்று வேளைச் சாப்பாடு, கடைகளுக்கு நடுவே இன்னொரு முழுப் பகல். வெள்ளிக்கிழமை இரவு ஏறி, சனிக்கிழமை முழுவதும் சுற்றிப் பார்த்துவிட்டு, அன்றிரவே வண்டி ஏறினால் அறை வாடகை அடியோடு இல்லை. காஸ்ப்ளே (கதாபாத்திரங்களைப் போல வேடமிடுவது) போட்டியில் கலந்துகொள்பவர்களுக்கும், குறிப்பிட்ட ஓவியரையோ நடிகரையோ பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கும் மட்டுமே இரண்டு நாள் தேவை என்பது என் கருத்து. அவர்களும் நிகழ்ச்சி நிரல் வெளியாகும்வரை பொறுத்து, தமக்கு வேண்டியது எந்த நாளில் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பயணத்தில் நடக்கும் பிழைகள்தாம் அதிகம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. விழாச் சீட்டை அதற்கு முன்பே வாங்கிவிட்டவர்கள், அந்த 60-ஆவது நாளைக் காலண்டரில் குறித்து வைக்காமல் மறந்துவிட்டுக் கடைசியில் தட்கலை நம்புகிறார்கள். தட்கல் முந்தைய நாள் ஏ.சி. வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கும். 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்கு இல்லாமல் இணையத்தில் எடுக்க முடியாது. கிடைத்த இடத்தை ரத்து செய்தால் பணம் திரும்பாது. நான்கு பையன்களில் ஒருவனுக்குக் கடைசி நேரத்தில் வீட்டில் அனுமதி கிடைக்காமல் போவது வழக்கம் என்பதால், இந்தக் கடைசி விதி நம்மை அதிகமாகவே பாதிக்கும்.

நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. வெள்ளி இரவில் நெரிசல் சென்னையிலிருந்து தெற்கு நோக்கியும், ஞாயிறு இரவில் தெற்கிலிருந்து சென்னை நோக்கியும்தான் இருக்கும். விழாவுக்குப் போகும் நாம் இரண்டு முறையும் எதிர்த்திசையில் பயணம் செய்கிறோம். ஆகவே "வார இறுதி, இதற்குக் குறைந்து கிடைக்காது" என்று சொல்லப்படும் ஆம்னி பேருந்துக் கட்டணத்தை முதல் நாளே கொடுத்துவிட வேண்டியதில்லை. இரண்டு மூன்று நாள் விலையைக் கவனித்துவிட்டு வாங்கலாம். இந்தக் கணக்கு தவறுவது பஞ்சாங்கத்தால்தான். விழா நடக்கும் தை, மாசி மாதங்களில்தான் தை அமாவாசையும் மகா சிவராத்திரியும் வருகின்றன; அந்த நாள்களை ஒட்டி இராமேஸ்வரம் வரும் வண்டிகள் தீர்த்தமாட வருகிறவர்களால் நிறைந்துவிடும், நாம் ஊர் திரும்ப இடம் இருக்காது. சென்னைக்காரர் எவரும் காமிக் கானுக்குப் பஞ்சாங்கம் பார்க்கச் சொல்லமாட்டார். நாம் பார்த்தாக வேண்டும்.

இறங்குமிடத்திலும் பணம் விரயமாகிறது. ரயிலில் போகிறவர்கள் பழக்கத்தால் எழும்பூர் வரை போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்து நந்தம்பாக்கத்துக்குத் திரும்பி வருகிறார்கள். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் பரங்கிமலைக்கு வந்தால் பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். அங்கிருந்து வர்த்தக மையம் சில கிலோமீட்டர்தான். பேருந்தில் போகிறவர்கள் கோயம்பேட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடக்கூடாது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் திறக்கப்பட்ட பிறகு தென்மாவட்டப் பேருந்துகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து நந்தம்பாக்கம் சுமார் 20 கிலோமீட்டர்; விடிகாலையில் கையில் பெரிய பெட்டியோடு நிற்பவரிடம் கேட்கப்படும் ஆட்டோக் கட்டணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. திரும்பும்போது ஒரு சிக்கல்: இராமேஸ்வரம் வண்டிகள் சென்னையை விட்டுக் கிளம்புவது மாலையில், போட்டியின் இறுதிச் சுற்றுகளும் அந்நேரத்தில்தான். ஞாயிறு கடைசிவரை இருக்க விரும்புகிறவர்கள் ரயிலை விட்டுவிட்டு இரவுப் பேருந்துக்கே பதிவு செய்துகொள்ளலாம். ரயிலுக்கும் பதிவு செய்து, அதைத் தவறவிட்டுப் பேருந்துக்கும் கொடுப்பதுதான் எங்கள் சீட்டில் கூடுதலாகச் சேர்ந்த வரி.

இனி வேடத்துக்கு வருவோம். காஸ்ப்ளே செய்கிறவர்களுக்கு நுழைவையும் பயணத்தையும் விட வேடத்துக்கே அதிகம் செலவாகும், அதிலும் நம் கரையில் இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. காரணம் காற்று. பிப்ரவரி விழாவுக்கான வேடத்தைக் கார்த்திகை, மார்கழியில்தான் செய்யத் தொடங்குகிறோம். அது மழையும் வாடைக் காற்றும் சேர்ந்து வீட்டுச் சுவரே பிசுபிசுக்கும் காலம். ஈ.வி.ஏ. ஃபோம் என்னும் மெத்தென்ற தாளை வெட்டி ரப்பர் பசை தடவி ஒட்டும்போது, பசையில் உள்ள கரைப்பான் ஆவியாகிற குளிர்ச்சியில் காற்றின் ஈரம் பசையின் மேல் படிந்து, ஒட்டியது போலத் தோன்றிவிட்டு இரண்டாம் நாள் பிரிந்துகொள்ளும். ஸ்பிரே பெயின்டும் அப்படியே; கறுப்பு அடித்தால் சாம்பல் பூத்தது போல வெளுக்கும். அக்கா மகன் மார்புக் கவசத்தை இப்படித் திண்ணையில் வைத்து ஒட்டி, காலையில் எழுந்து பார்த்தபோது தோள்பட்டை இரண்டும் வாய் பிளந்து கிடந்தன. பழைய பசையைச் சுரண்டி எடுத்து, மறுபடியும் வாங்கியதில் பசைக்கும் பெயின்டுக்கும் மட்டும் 1,150 ரூபாய் கூடுதலாக எழுத வேண்டி வந்தது. வெயிலடிக்கும் நாளில் முற்பகல் பதினோரு மணிக்கு மேல், கடலைப் பார்க்காத அறையில், சிறு துண்டுகளாக ஒட்டினால் இந்தச் செலவு இல்லை. இன்னும் நல்லது, ஃபோம் வேலையை ஆவணி, புரட்டாசியிலேயே முடித்துவிடுவது.

உள்ளூரிலேயே கிடைப்பதைப் பயன்படுத்துவது செலவைக் குறைக்கும். வலைக் கடையின் நைலான் கயிறும், மிதவைக்குப் போடும் ஃபோமும், கீழக்கரைச் சங்குத் துண்டுகளும் கடையில் வாங்கும் அலங்காரப் பொருளைவிட அழகாகவே அமையும். ஆனால் கரையில் ஒதுங்கிக் கிடக்கிறதே என்று பவளத் துண்டையும் கடல் விசிறியையும் காய்ந்த கடல் குதிரையையும் கிரீடத்தில் பதிக்காதீர்கள். இவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, வைத்திருப்பதே குற்றம். 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986 முதல் நம் வாசலிலேயே இருப்பதால், இங்கே சோதனையும் கூடுதல். அந்தச் செலவை எந்தச் சீட்டிலும் எழுத முடியாது.

ஆயுதங்களைச் செய்யும்போது இரண்டு அளவுகளை மறந்துவிடுகிறார்கள். ஒன்று பேருந்தின் அடிப்பெட்டி, மற்றது வாசலில் இருக்கும் சோதனை மேசை. ஆறடி ஈட்டியை ஒரே குழாயாகச் செய்தவர் அதற்கும் ஒரு பயணியின் இடம் தேட வேண்டும், பி.வி.சி. குழாயை மூன்றாக வெட்டி கப்ளிங் போட்டு இணைத்தால் பையிலேயே அடங்கும். உலோகம், கூர்முனை உள்ளவற்றை இவ்விழாக்களில் பொதுவாக அனுமதிப்பதில்லை. விதிகளை விழாவின் இணையதளத்திலேயே போட்டிருப்பார்கள். எங்கள் குழுவில் ஒருவன் கேடயத்தில் அலுமினியத் தகடு பதித்து மூன்று வாரம் உழைத்திருந்தான். அது வாசலோடு நின்றுவிட்டது. அவன் விதியைப் படிக்கவில்லை.

தங்குமிடத்தைப் பற்றி ஒன்று மட்டும். விடிகாலை ஐந்து மணிக்கு வந்து சேருகிற நமக்கு, நண்பகலில் அறை கொடுக்கும் விடுதி பயன்படாது. முன்கூட்டியே அறை கேட்டால் அரை நாள் வாடகை தனியாகக் கேட்பார்கள். நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். உள்ளே சாப்பாடு விலை அதிகம், வெளி உணவுக்குப் பெரும்பாலும் தடை; காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நுழைவதைத் தவிர இதற்கு வேறு வழி தெரியவில்லை.

கடைகளுக்குள் நுழைந்த பிறகு உறுதி எதுவும் நிற்பதில்லை என்பதால், வெளியிலேயே கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். யு.பி.ஐ. லைட்டில் (ரகசிய எண் இல்லாமல் சிறு தொகை செலுத்தும் பணப்பை) 5,000 ரூபாய்க்கு மேல் வைக்க முடியாது, ஒரு முறைக்கு 1,000 ரூபாய்க்கு மேல் செலுத்த முடியாது. அந்த வரம்பே நமக்கு உதவி. விழாவுக்கென்று ஒதுக்கிய தொகையை அதில் போட்டு, தானாக நிரப்பிக்கொள்ளும் வசதியை நிறுத்திவிட்டு, அது தீர்ந்தால் வேடிக்கை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம். விலை உயர்ந்த உருவப் பொம்மைகளை வாங்குகிறவர்கள் பெட்டியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இறக்குமதிப் பொருளின் மீது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச விற்பனை விலை ஆகியவை இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த ஒட்டுத்தாள் இல்லாத பெட்டிக்குள் இருப்பது போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தப் பணத்துக்கு ஓவியர்களின் வரிசையில் அவர்களே வரைந்து கையெழுத்திட்டுத் தரும் படங்கள் நான்கைந்து வாங்கலாம். எனக்கு அவைதான் பிடிக்கும். தமிழ் காமிக்ஸ் மட்டுமே வேண்டும் என்பவர்களுக்கு ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியே போதும், லயன், முத்து காமிக்ஸ் வெளியிடும் சிவகாசிக்காரர்களின் அரங்கு அங்கே இருக்கும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். கடலை நம்பிய வீடுகளில் வருமானம் மாதச் சம்பளம் போல வராது. புயல் எச்சரிக்கை வந்து படகுகள் கரையில் நிற்கும் கார்த்திகையில் வேடத்துக்குப் பணம் கேட்பதும், பிப்ரவரியில் கைமாற்று வாங்கி "இரண்டு மாதத்தில் தந்துவிடுகிறேன்" என்பதும் ஒரே வகைப் பிழை. இரண்டு மாதம் கழித்து ஏப்ரல் 15 வந்துவிடும். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மச்சான் இதைச் சொல்லித்தான் மகனைத் திட்டினார், விழாவுக்குப் போனதற்காகத் திட்டவில்லை. ஜூன் பாதியில் படகு இறங்கியதிலிருந்து மாதாமாதம் சிறு தொகையாக அஞ்சலகத்தில் போட்டு வந்தால் பிப்ரவரிக்குள் எட்டு மாதச் சேமிப்பு சேர்ந்திருக்கும். கடன் செயலிகளின் பக்கம் போகவே வேண்டாம்.

வெளிநாட்டு விழாக்களுக்கும் இங்கிருந்து ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், உறவினர்கள் அங்கே இருப்பதால். கீழக்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, துபாயில் காக்கா (அண்ணன்) வீடு இருக்கிறது, தங்கச் செலவில்லை என்று மத்தியக் கிழக்கு காமிக் கானுக்குத் திட்டம் போட்டான். அது 2022 முதல் நடப்பது அபுதாபியில், துபாயிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தள்ளி. சிங்கப்பூரில் 2008 முதல் நடக்கும் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) திருவிழாவுக்கும், சொந்தக்காரர் வீட்டில் படுக்க இடம் கிடைக்கும், விமானச் சீட்டும் விசாவும் கிடைக்காது. அமெரிக்காவில் சான் டியேகோ காமிக் கானுக்கு என்றால் அமெரிக்க விசா விண்ணப்பத்துக்கே 185 டாலர், மறுக்கப்பட்டாலும் திரும்பாது. விழாவுக்கான அனுமதி அட்டையும் தனியாக வேண்டும். அதுவும் இணைய வரிசையில் அதிர்ஷ்டம் இருந்தால் மட்டுமே கிடைக்கும்.